மூக்குத்தியின் எடை

காசு கொடுத்து வாங்கிய மீன்கள் மூன்றும்
ஐப்பசி முடியுமுன் மிதந்துவிட்டன.
பாசிச் செடியோடு ஓசியில் வந்த நத்தைதான்
தொட்டியைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது.
கண்ணாடி முழுக்கக் குஞ்சுகள்.
கொட்டிவிடலாம் என்றேன்.
பூர்விகா அதற்குள் மூன்றைப் பொறுக்கி
கொய்யா, பட்டன், மூக்குத்தி என்று
பெயர் வைத்துவிட்டாள்.
பெயர் வைத்ததை எப்படிக் கொட்டுவது?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி.
ஏழாம் வகுப்பே எரிமலை செய்துகொண்டிருந்தது.
இவள் மூன்று ஊறுகாய் பாட்டில் கேட்டாள்.
கொய்யாவுக்கு எங்கள் தெரு போர் தண்ணீர்.
பட்டனுக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்,
வந்த நாளில் பிடித்து வைத்தது.
மூக்குத்திக்கு
என் வண்டியிலிருந்து கேன் தண்ணீர்.

என் வண்டியைப் பாலக்கோட்டில்
பாதித் தெருவுக்குத் தெரியும்.
விடிந்தால் ஐம்பது கேன்,
மாடி ஏறினால் ஐந்து ரூபாய் கூடுதல்.
'பல்லில் கறை படியாத தண்ணீர்' என்று
பக்கப் பலகையில் எழுதியது நானேதான்.
படிப்பவர்கள் அடுத்து என் பல்லைப் பார்ப்பார்கள்.
போர் தண்ணீர் குடித்து முளைத்த பல்.
ஃப்ளோரைடு இழுத்த பழுப்புக் கோடுகள்.
அதைவிடப் பெரிய விளம்பரம் எனக்கு வாய்க்கவில்லை.

எடை பார்க்கத் தராசு வேண்டும்.
காய்கறிக் கடைத் தராசு நத்தையை மதிக்காது.
சனிக்கிழமை தோறும்
பாரஸ்மல் சேட்டு அடகுக் கடையில்
என் மனைவியின் வளையல் ஏறிய அதே தட்டில்
ஈரம் துடைத்து ஒவ்வொன்றாய் ஏற்றினோம்.
முதல் வாரம் முகம் சுளித்தார் சேட்டு.
மூன்றாம் வாரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
"இரு பாப்பா, உள்ள இழுத்துக்கட்டும்,
அப்பதான் சரியா நிக்கும்" என்றார்.

நாங்கள் நினைத்தது ஒன்றுதான்:
சுத்தமான தண்ணீரில் மூக்குத்தி செழிக்கும்,
போர் தண்ணீரில் கொய்யா சுருங்கும்.

கொய்யா மாங்கொட்டை மாதிரி இறுகி வளர்ந்தது.
பட்டன் சுமார்.
மூக்குத்தியின் ஓட்டு நுனி
வெளுத்தது. குழி விழுந்தது.
ஆறாம் வாரம்
போன வாரத்தைவிட நான்கு மில்லி குறைவு.

அன்றிரவு நோட்டில் எழுதப்போனவள்
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
"சரியா அளந்தியா?"
"மூணு தடவைப்பா."
பேனா கொஞ்ச நேரம் காத்திருந்தது.
நான் எழுந்து போய்
காலிக் கேன்களைக் கழுவ ஆரம்பித்தேன்.
கழுவும் சத்தத்தினூடே
அவள் எழுதும் சத்தம் கேட்டமாதிரி இருந்தது.

கண்காட்சிக்கும் கேன் என்னுடையதுதான்.
கைக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு
நான் நுழைந்த நேரம்
தர்மபுரியிலிருந்து வந்த நடுவர்
அவள் மேசை முன் நின்றிருந்தார்.
"ஆக, இதுல எது நல்ல தண்ணி?"
"யாருக்கு சார்?"
அவர் சிரிக்கவில்லை. அவளும்தான்.
"ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும்.
அது போர்ல நிறைய, கேன்ல ரொம்பக் கம்மி.
ஆனா எங்க அப்பா பல்லுக்கு
அந்த போர் ஒத்துக்கல.
அதோ, அவர்தான்."

எல்லாத் தலையும் திரும்பியது.
இரண்டு கையிலும் கேன்.
வாயை மூட மட்டும்தான் முடியும்.
மூடவில்லை. சிரித்துக் காட்டினேன்,
கடைவாய்ப் பல் வரைக்கும்.

முதல் பரிசு எரிமலைக்கு.
இவளுக்கு மூன்றாவது, ஒரு டிபன் பாக்ஸ்.
மூடி சரியாக உட்காராது.

இப்போதும் மூக்குத்திக்குக் கேன் தண்ணீர்தான்.
மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை.
அவித்த முட்டையின் ஓட்டில் ஒரு துண்டு
கழுவி உள்ளே போட்டிருக்கிறாள்.
ராத்திரியில் அதன்மேல் ஏறி
சுரண்டிக்கொண்டே இருக்கிறது.

வளையலுக்கு வட்டி கட்டப் போனேன்.
ரசீதை எழுதாமல் சேட்டு கேட்டார்:
"மூக்குத்தி எப்படி இருக்கு?"
"மூணு மில்லி ஏறியிருக்கு."
பக்கத்தில் நின்ற அம்மா
தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.